ராசியான ஒயர்

சுபஸ்ரீ எக்ஸ்போர்ட்ஸில் நெட் படுத்துக்கொண்டது. ஒரேயடியாகப் படுத்திருந்தாலாவது ஆளைக் கூப்பிட்டு எழுப்பிவிட்டிருக்கலாம். இந்தச் சனியன் அப்படிச் செய்யவில்லை. காலையில் நன்றாக ஓடும். வெயில் ஏறும் நேரத்தில் திடீரென்று நொண்டும். கொஞ்ச நேரம் நொண்டிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். ஒரு நாள் சாயங்காலத்தில் நொண்டும், இன்னொரு நாள் பூராவும் நொண்டாது. ஜெர்மன் பார்ட்டிக்கு அனுப்புகிற பனியன் போட்டோ பாதியிலேயே நிற்கும். மாடி ஆபீஸில் இருந்து நித்தீஷ், "போச்சுடா, மறுபடியும் போச்சு!" என்று கத்துவது பின்னால் இருக்கிற வீட்டின் சமையலறை வரைக்கும் கேட்கும்.

அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சாரதாமணி தலையைக் குனிந்துகொள்வாள். ஏனென்றால் நெட்டைப் படுக்க வைப்பது அவள்தான். முதலாளி சுப்பண்ணனின் சம்சாரம், நித்தீஷைப் பெற்றவள், கம்ப்யூட்டரை ஒரு நாளும் தொட்டுப் பார்க்காதவள். அவள் படுக்க வைத்தாள் என்றால் யார் நம்புவார்கள்? முதலில் அவளே நம்பவில்லை.

நெட் வந்தது பழைய போன் லைனில். சுப்பண்ணன் பொங்கலூர்த் தோட்டத்தை விற்றுவிட்டு வந்து, வீட்டு முன்னறையில் நாலு மெஷின் போட்ட காலத்தில் வாங்கிய முதல் போன் அது. நம்பரைக் கூட்டினால் ஆறு வரும். ஆறுமுகனே எடுத்துக் கொடுத்த நம்பர் என்பார். முன்னால் பெரிய கட்டடம் எழும்பியபோது, லைனை அங்கே மாற்ற வந்த லைன்மேன், வீட்டுக்குள் போகும் பழைய ஒயரை அறுக்கப் போனான். சுப்பண்ணன் பதறிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ராசியான ஒயருங்க அது. அறுக்காதீங்க. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

லைன்மேனுக்கு என்ன வந்தது? பழைய ஒயரை அப்படியே விட்டு, அதிலிருந்தே ஒரு கிளை பிரித்து ஆபீஸுக்கு இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். பழைய போன் வீட்டுச் சாமான் அறையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் தங்கிவிட்டது. அதில் இன்னமும் உயிர் இருக்கிறது என்பதை எல்லாரும் மறந்து போனார்கள். ஆபீஸில் பேசுவதற்குப் பிறகு வேறு லைன்கள் வந்தன. ராசி லைனில் பேக்ஸ் மட்டும் ஓடியது. பிராட்பேண்ட் வந்தபோது நித்தீஷ் புது லைன் கேட்டான். "வெளிநாட்டுக்காரனோட பேசற சமாச்சாரம் ராசி நம்பர்லதான் இருக்கோணும்" என்று சுப்பண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

இனி கம்பெனியின் பேருக்கு வருவோம். சுபஸ்ரீ என்பது மகள் பேர். மூத்தவள், செல்லப் பெண். போன ஆடி மாசம் அவள், கம்பெனியில் தையல் மெஷின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த பெருமாள்சாமியோடு போய்விட்டாள். தெக்கத்திப் பையன், வேற சாதி. சுப்பண்ணன் மகளைத் தலைமுழுகினார். பேச்சுக்குச் சொல்லவில்லை, காரை எடுத்துக்கொண்டு பவானி கூடுதுறைக்குப் போய், உயிரோடு இருக்கிற பெண்ணுக்குப் பிண்டம் வைத்துக் காரியம் பண்ணிவிட்டு, ஆற்றில் முழுகி எழுந்து வந்தார். சாரதாமணியையும் முழுகச் சொன்னார். அவளும் முழுகினாள். தண்ணீருக்குள் இருந்தவரைக்கும் அழ முடிந்தது, மேலே வந்தபின் முடியவில்லை.

அதற்குப்பின் அந்தப் பேரை வீட்டில் சொன்னால் பல் தெறித்துவிடும். ஆனால் கம்பெனிப் பேரை மாற்ற முடியவில்லை. லைசென்ஸ், லேபிள், வெளிநாட்டுப் பார்ட்டிகள் எல்லாம் அந்தப் பேரில்தான். நாளெல்லாம் அட்டைப்பெட்டிகளில் சுபஸ்ரீ, சுபஸ்ரீ என்று அச்சாகி லாரி ஏறித் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும். பெற்றவள் வாயில் மட்டும் அந்தப் பேர் வரக்கூடாது. என்ன நியாயமோ!

தைப் பொங்கலுக்கு வெண்கலப் பானை எடுக்கச் சாமான் அறைக்குப் போனவள், டிரம்முக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்த போனைத் துடைத்து வைக்கலாம் என்று கையில் எடுத்தாள். ரிசீவர் நழுவிக் காதுப் பக்கம் வந்தது. கொர்ர்ர் என்று சத்தம். சாரதாமணிக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது.

மகளைப் பிடிக்க நம்பர் கொடுத்தது ஆஷா. மகளோடு காலேஜில் படித்தவள், மகள் சொல்லித்தான் ஆபீஸில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு வந்தவள். வெளிநாட்டுப் பார்ட்டிகளோடு இங்கிலீஷில் எழுதிப் பேசி ஆர்டரைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. அவள் அம்மா ஒச்சம்மாளும் அதே கம்பெனியில் செக்கிங் பகுதியில் இருந்தாள். மோர்ப் போசியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் வீட்டுப் பக்கம் வந்த ஆஷா, "அம்மா, இதை மட்டும் கேட்டுக்கங்க" என்று மெதுவாக ஒரு நம்பரை மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாள். மடத்துக்குளத்தில் மகளும் பெருமாள்சாமியும் குடியிருந்த வீட்டுக்காரர் போன் அது. உள்ளூர்க் கணக்கிலேயே சேருகிற ஊர் என்பதால் பில்லில் தனியாகத் தெரியாது, கம்பெனிக் கால்களோடு கரைந்துவிடும். சாரதாமணி அந்த நம்பரைச் சாமி பேர் மாதிரி உரு ஏற்றிக்கொண்டாள்.

சுப்பண்ணன் சாயப் பட்டறைக்குப் புறப்பட்டுப் போன பிறகுதான் பேச்சு. அவர் காலையில் போனால் காலையில், சாயங்காலம் போனால் சாயங்காலம். போகாத நாளில் பேச்சு இல்லை.

"இன்னைக்கு இட்லி நாலு தின்னேம்மா."

"நாலு போதுமா கண்ணு? ரெண்டு உசுரு சாமி அது. நெய்யி ஊத்திக்க."

"நெய்யா! நல்லா இருக்குதும்மா உங்க கதை."

இரண்டு பேரும் சிரிப்பார்கள், பிறகு இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சுவார்கள். ஏழாம் மாசம் வளைகாப்பு இல்லாமல் கழிந்தது. அன்றைக்குச் சாரதாமணி கடைத்தெருவில் கண்ணாடி வளையல் வாங்கித் தன் கையிலேயே அடுக்கிக்கொண்டு, ரிசீவர் பக்கத்தில் குலுக்கினாள்.

"கேக்குதா சாமி?"

"கேக்குதும்மா. உள்ள உதைக்குது."

அந்த ஒரு உதைக்காக அவள் எதையும் செய்வாள். செய்யவும் செய்தாள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நெட் தன்னால்தான் நொண்டுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது தற்செயலாக. ரிசீவரை எடுத்ததும் மாடியில் நித்தீஷ் கத்துகிறான். வைத்ததும், "வந்துருச்சு, வந்துருச்சு!" என்கிறான். ஒரு நாள் நம்பரைச் சுழற்றாமல் சும்மா எடுத்துப் பார்த்தாள். "போச்சு!" வைத்தாள். "வந்துருச்சு!" சாரதாமணி அரிசி டிரம்மைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரம் போன் பக்கமே போகவில்லை. அந்த வாரத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. தெரிந்ததும், நெட்டாவது மண்ணாவது என்று மறுபடி எடுத்தாள்.

ஜெர்மன் பார்ட்டி கேட்ட கலர் போட்டோ போய்ச் சேராமல், அவன் ஒரு ஆர்டரை வேறு கம்பெனிக்குத் திருப்பிவிட்டான். அன்றைக்கு வெடித்தது.

மதியத்துக்கு முன்னால் ஆபீஸுக்கு மோர் கொண்டுபோவது சாரதாமணியின் வழக்கம். தூக்குப்போசியோடு அவள் மாடி ஏறினபோது எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஆஷா தன் மேசைக்கு முன்னால் நின்றாள். அவள் கம்ப்யூட்டரில் யாரோடோ பேசுகிற பெட்டி திறந்திருந்தது. நித்தீஷ் அதைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தான். "இந்தச் சாட்டிங்தானுங்கப்பா நெட்டை இழுக்குது. எப்பப் பாரு இது ஓடிட்டே இருக்குது."

சுப்பண்ணனுக்குக் கோபம் ஏற ஏற மரியாதை கூடும். சாதாரணமாக "வாடா, போடா" என்பவர் "ங்க" போட ஆரம்பித்துவிட்டால் கம்பெனியில் நாற்காலி மேசையெல்லாம் நடுங்கும்.

"ஏனுங்க அம்மிணி," என்றார் ஆஷாவைப் பார்த்து. "நாள் பூரா யாரு கூடங்க பேச்சு? சொன்னீங்கன்னா நாங்களும் தெரிஞ்சுக்குவோமுங்க."

"பார்ட்டி ஆபீஸ்ல இதுலதான் சார் கேக்காங்க. நான் பதில் சொல்லுதேன். நீங்களே படிச்சுப் பாருங்க சார்."

"நமக்கு இங்கிலீசு தெரியாதுங்களே. உங்க பையைக் கொஞ்சம் கொட்டுங்க பாக்கலாம்."

அவள் கொட்டவில்லை. சுப்பண்ணன் கண்ணைக் காட்ட, நித்தீஷ் அவள் கைப்பையை எடுத்து மேசையில் கவிழ்த்தான். சீப்பு, ஸ்டிக்கர் பொட்டு, பஸ் பாஸ், சுருட்டி வைத்திருந்த நாப்கின், டிபன் பாக்ஸ். கட்டிங் மாஸ்டர் முதல் பேக்கிங் பையன்கள் வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆஷா நாப்கினை மட்டும் கையால் மூடிக்கொண்டாள். மனுஷ ஜென்மம் செய்கிற காரியமா இது?

அப்போதுதான் சுப்பண்ணன் திரும்பி வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"நீ சொல்லு சாரதா. இந்தப் புள்ளை ஊட்டுப் பக்கமெல்லாம் வந்து போகுதே. யாரு கூடப் பேசுது, யாருக்குச் சேதி சொல்லுதுன்னு உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

கேள்வி எங்கே போய் முடியும் என்று சாரதாமணிக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு நெட்டைப் பற்றி மட்டும் சந்தேகமில்லை. மகளுக்கு வீட்டுச் சேதி போகிறதோ என்று மோப்பம் பிடிக்கிறார். இந்தப் பெண்ணுக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசினால் அடுத்த கேள்வி தன்மேல் விழும், அதற்கடுத்தது சாமான் அறைக்குப் போகும். ஆஷா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஏதாவது சொல்லிவிடுவாள் என்கிற நம்பிக்கை அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"எனக்கென்னங்க தெரியும்?" என்றாள் சாரதாமணி. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "நான் மோரு கொண்டாரப்பெல்லாம் அந்தப் பொட்டியில ஏதோ தட்டிட்டுத்தான் இருக்குதுங்க."

ஆஷா வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும். மடத்துக்குளம் என்று சொன்னால் போதும். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டு, மேசையில் கிடந்ததை அள்ளிப் பைக்குள் போட்டாள். அன்று சாயங்காலமே ஒச்சம்மாளையும் கணக்கு முடித்து அனுப்பினார்கள். கேட்டைத் தாண்டும்போது ஒச்சம்மாள் மட்டும் திரும்பி நின்று மண்ணை வாரித் தூற்றப் போனாள். ஆஷா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த பத்து நாள் சாரதாமணி போனைத் தொடவில்லை. பயம்தான், வேறென்ன. நெட்டும் தொட்டால் ஓடுகிற குதிரை மாதிரி ஓடியது. "பாத்தீங்களாங்கப்பா? அவதான்" என்று நித்தீஷ் பூரித்துப் போனான். ஆஷாவின் மேல் சுமத்திய பழி இப்படியாக நிரூபணமும் ஆகிவிட்டது. சாரதாமணி சோற்றைப் பிசைந்துவிட்டுத் தின்னாமல் எழுந்தாள். என்றாலும் உண்மையைச் சொல்ல நினைத்தாளா என்றால், இல்லை. ஒரு நிமிஷம்கூட இல்லை.

மகளுக்கு மாசம் நிறைந்துவிட்டது. அந்த நினைப்பு வந்ததும் கை தானாகப் போனுக்குப் போனது. மாடியில், "போச்சு!"

இந்தத் தடவை கம்ப்யூட்டர் கடையில் இருந்து முனீஸைக் கூப்பிட்டார்கள். அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆள், வாய் ஓயாமல் பேசுவான், தோளில் ஒரு பை, காதில் சொருகிய டெஸ்டர். முதலில் ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் லைனைப் பிரித்துக் கொடுக்கிற டப்பாவைத் திறந்தான். உள்ளே மெத்தை மெத்தையாகப் பஞ்சு. திருப்பூரில் எதைத் திறந்தாலும் பஞ்சுதான். ஊதித் துடைத்து மூடினான். அன்றைக்கு நெட் ஓடியது. சுப்பண்ணன் சாயப் பட்டறைக்குப் போகவில்லை என்பதால் ஓடியது. முனீஸ் தன் கைவண்ணம் என்று நினைத்துக்கொண்டான். மறுநாள் நொண்டியது. ஒயரை மாற்றினான், முனையில் கிளிப்பை மாற்றி அடித்தான், நித்தீஷின் கம்ப்யூட்டரில் இருந்த வைரஸையெல்லாம் கழுவினான், மோடத்தை மாற்றினான். ஓடும், நொண்டும், ஓடும்.

மதியச் சாப்பாடு அவனுக்குச் சாரதாமணி கையால்தான். வெட்கப்படாமல் மறுசோறு கேட்டு வாங்கித் தின்பான்.

"உங்க வீட்டு ரசம் எங்க ஊர்ப் பக்கம் கெடையாதும்மா," என்றவன் இலையை மடித்துக்கொண்டே கேட்டான், "அம்மா, இந்த லைன்ல வேற எங்கயாச்சும் போன் மாட்டியிருக்கா? வீட்டுக்குள்ள?"

அவள் கை மோர்க் கரண்டியோடு நின்றது. "இல்லீங்க தம்பி. ஏனுங்க?"

"ஒரே கம்பியிலதாம்மா பேச்சும் போகுது, நெட்டும் போகுது. ரெண்டையும் பிரிக்க ஒரு சின்ன டப்பா இருக்கு, ஆபீஸ்ல மாட்டியிருக்கு. அந்த டப்பா இல்லாம எங்கயாச்சும் ஒரு போனை மாட்டி, அதை எடுத்துப் பேசினா நெட்டு படுத்துரும். அதான் கேட்டேன்."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றாள். அவன் நம்பினான். சோறு போட்ட கை பொய் சொல்லும் என்று அந்த அப்பாவிக்கு எப்படித் தெரியும்? சாரதாமணி அன்றிரவு படுக்கையில் ஒரே ஒரு கணக்குத்தான் போட்டாள். பிரசவம் ஆகிற வரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும். பிள்ளை அழுகிற சத்தத்தை ஒரு தடவை போனில் கேட்டுவிட்டால், அப்புறம் தானே அந்த ஒயரைப் பிடுங்கி எறிந்துவிடலாம்.

வியாழக்கிழமை சுப்பண்ணன் சாயப் பட்டறைக்குக் கிளம்பினார். கார் கேட்டைத் தாண்டிய சத்தம் கேட்டதும் அவள் சாமான் அறைக்குள் போனாள். முனீஸ் மாடியில் இருக்கிறான் என்று நினைத்தாள். அவன் கீழே, காம்பவுண்டுச் சுவரில் லைன் நுழைகிற இடத்தில் ஏணி போட்டு நின்றிருந்தான். கார் கேட்டுக்கு வெளியே டயரில் காற்றில்லாமல் நின்றுவிட்டது என்பதும் அவளுக்குத் தெரியாது.

"அம்மா, விடியக்காலத்துல இருந்து இடுப்பு லேசா வலிக்குதும்மா."

"வலி விட்டுவிட்டு வருதா, நிக்காம வருதா சாமி?"

"விட்டுவிட்டுத்தான்."

"அதுதான் கண்ணு, அதேதான். பயப்படாத. சீரகத் தண்ணி வெச்சுக் குடி. மாப்பிள்ளை எங்க?" மாப்பிள்ளை என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் மகள் அழ ஆரம்பித்தாள்.

மாடியில் நித்தீஷ் கத்தினான். இந்தத் தடவை முனீஸ் மாடிக்கு ஓடவில்லை. சுவரோரமாகப் போகிற பழைய ஒயரில் விரலை வைத்து, அதன் போக்கிலேயே நடந்தான். கட்டடத்தைச் சுற்றி, தண்ணித் தொட்டியைத் தாண்டி, வீட்டின் பின்சுவருக்கு வந்தான். ஒயர் ஒரு ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே போனது. டயர் மாற்றும் வரை சும்மா நிற்பானேன் என்று சுப்பண்ணனும் அவன் பின்னாலேயே வந்தார்.

"இந்தா இருக்குண்ணே! நான் சொல்லல? உள்ள ஒரு போன் மாட்டியிருக்காங்க!" கண்டுபிடித்த சந்தோஷத்தில் முனீஸின் குரல் தெருவுக்கே கேட்டது.

சாரதாமணி திரும்பினபோது சுப்பண்ணன் அறைக்குள் நின்றார்.  கையை நீட்டி ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். "அம்மா? அம்மா, இருக்கீங்களா?" என்று மகள் கேட்டது சாரதாமணிக்கே கேட்டது.

"நாந்தான் சாமி," என்றார்.

 "அப்பாங்களா?"

"ஆமா கண்ணு. நல்லா இருக்கறயா? எங்க இருக்கற இப்போ?"

அவர் "ங்க" போடவில்லை. குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. பாவி மனசு, சாரதாமணி ஒரு கணம் நம்பிவிட்டாள். பேரப்பிள்ளை என்றதும் மனுஷன் இளகிவிட்டார் என்று நினைத்தாள். அந்தப் பக்கத்தில் மகளும் அதையேதான் நினைத்திருப்பாள். கிட்டத்தட்ட ஒரு வருஷத்துக்குப் பிறகு அப்பாவின் குரலைக் கேட்ட பெண், தெருப் பேர், வீட்டுக்காரர் பேர், எதிரில் இருக்கிற ரைஸ் மில் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, "வருவீங்களாப்பா?" என்று கேட்டாள்.

"வராம?" என்றார் சுப்பண்ணன். ரிசீவரைப் போனில் வைக்காமல் அரிசி டிரம்மின் மேல் படுக்க வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, "நித்தீஷு, மயில்சாமியைக் கூப்புடு. ஆளுகளை ஏத்திட்டு மடத்துக்குளம் போகச் சொல்லு," என்றார். மயில்சாமி கம்பெனிக்குச் சண்டை சச்சரவு பார்க்கிற ஆள். பிறகு சட்டைப் பையில் இருந்து ட்ரிம்மரை எடுத்தார். பனியனில் நூல் பிசிறு வெட்டுகிற சின்னக் கத்திரி அது. திருப்பூரில் எந்த முதலாளி பையிலும் ஒன்று கிடக்கும். அதை மனைவியிடம் நீட்டினார்.

"வெட்டுங்க," என்றார்.

 கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்கு "ங்க" போட்டதில்லை.

"மாமா, அவளுக்கு வலி வந்துருச்சுங்க. உங்க காலுல உழுகறேன்."

"வெட்டுங்க. நீங்கதான எடுத்தீங்க? நீங்களே வெட்டுங்க."

ஜன்னலுக்கு வெளியே முனீஸ் ஒன்றும் புரியாமல் நின்றான். "அண்ணே, ஒயரை வெட்ட வேண்டாம்ணே. அதே மாதிரி ஒரு சின்ன டப்பா எங்கிட்ட இருக்கு. மாட்டிவிட்டா அம்மாவும் பேசிக்கிடலாம், நெட்டும் ஓடும்." பையைத் துழாவி அதை எடுத்துக் காட்டவும் செய்தான். விரல் நீளம்கூட இல்லை. அவ்வளவுதான். ஆஷாவும் போயிருக்க வேண்டியதில்லை, ஒச்சம்மாளும் போயிருக்க வேண்டியதில்லை. யாரும் அவனைப் பார்க்கவில்லை.

டிரம்மின் மேல் கிடந்த ரிசீவரில் இருந்து, "அம்மா, அம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. சாரதாமணி ராசியான ஒயரை வெட்டினாள். ஒரே வெட்டில் அறவில்லை, இரண்டு தடவை வெட்டினாள். மாடியில், "வந்துருச்சு!" என்று நித்தீஷின் ஆட்கள் கை தட்டினார்கள்.

மயில்சாமி சாயங்காலம் திரும்பி வந்து, வீடு பூட்டிக் கிடக்கிறது என்றான். சுப்பண்ணன் காறித் துப்பிவிட்டுக் குளிக்கப் போனார். சாரதாமணி பூஜை அறையில் விழுந்து கும்பிட்டாள். ஆனால் நிறைமாசத்துப் பெண் வலியோடு எங்கே போனாள், எப்படிப் போனாள், உயிரோடு இருக்கிறாளா? அதைச் சொல்ல வீட்டில் ஒருத்தரும் இல்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனாள். அதற்கு மட்டும் இன்னும் தடை போடவில்லை. டிரைவர் காரை வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டுச் சீட்டைச் சாய்த்துக்கொண்டான். கோயில் மதிலோரம் இருந்த எஸ்.டி.டி பூத்தில் நுழைந்து மனப்பாட நம்பரைச் சுழற்றினாள். "அவங்க அன்னைக்கே போயிட்டாங்கம்மா. சட்டி பானையெல்லாம் அப்படியே கெடக்குது. எங்க போனாங்கன்னு தெரியாது" என்றார் வீட்டுக்காரர். ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தவளுக்கு, உலகத்தில் கேட்பதற்கு ஒரே ஒரு ஆள்தான் மிச்சம் இருந்தது.

கோயிலுக்குப் பின்னால் வரிசையாக லைன் வீடுகள். மூன்றாவது வாசலில் ஆஷாவும் ஒச்சம்மாளும் பனியன் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். வேறு கம்பெனியில் வேலை கேட்டபோது, சுபஸ்ரீ எக்ஸ்போர்ட்ஸில் ஏன் நிறுத்தினார்கள் என்று விசாரித்திருக்கிறார்கள். விசாரித்த பிறகு யாரும் கூப்பிடவில்லை. இங்கிலீஷில் ஆர்டர் பேசிய பெண் வீட்டில் உட்கார்ந்து நூல் வெட்டுகிறாள்.

சாரதாமணியைப் பார்த்ததும் ஒச்சம்மாள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். ஆஷா எழவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. சாரதாமணி பட்டுச் சேலையோடு மண் தரையில் அவள் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"கண்ணு, நான் பண்ணுனது பாவம். எந்தச் சாமியும் மன்னிக்காது. நீயும் மன்னிக்க வேண்டாம். அவ உசுரோட இருக்காளான்னு மட்டும் சொல்லு."

ஆஷா ஒரு பனியனை முடித்து, மடித்து வைத்துவிட்டுப் பேசினாள். குரலில் சூடுகூட இல்லை.

"இருக்கா. மயில்சாமியை அனுப்பச் சொன்னது, நீங்க வெட்டின சத்தம், எல்லாமே போன்ல கேட்டுச்சாம். அப்பவே ரெண்டு பேரும் கட்டுன துணியோட பஸ் ஏறிட்டாங்க. உங்க கார் பின்னாடி வருதான்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போயிருக்கா. பஸ்ஸுலயே பனிக்குடம் உடைஞ்சுருச்சு. கடைசி சீட்டுல படுக்கவச்சு, கூட வந்த பொம்பளைங்க சேலைத் தலைப்பை விரிச்சு மறைச்சுப் பிடிச்சாங்க. பொறந்துருச்சு."

சாரதாமணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எங்க இருக்கா கண்ணு இப்போ?"

"சொல்ல மாட்டேன்."

"சரி, வேண்டாம். சொல்ல வேண்டாம். என்ன கொழந்தை? ஆணா, பொண்ணா?"

ஆஷா தலையைத் தூக்கி அவளை நேராகப் பார்த்தாள். அன்றைக்கு ஆபீஸில் பார்த்த மாதிரியே பார்த்தாள். பிறகு குனிந்து அடுத்த பனியனை எடுத்தாள்.

"எனக்கென்னங்க தெரியும்?"

"கண்ணு, உன்னைக் கையெடுத்துக் கும்புடறேன். அது ஒண்ணை மட்டும் சொல்லு."

"சொல்லித் தொலையேன்டி," என்று உள்ளே இருந்து ஒச்சம்மாள் சொன்னாள். "பெத்தவ கேக்கா."

 ஆஷாவின் ட்ரிம்மர் நூலை வெட்டிக்கொண்டே இருந்தது. கோயில் பக்கம் டிரைவர் ஹாரன் அடித்தான். சாரதாமணி எழுந்து போகிற வரைக்கும் ஆஷா தலையைத் தூக்கவில்லை.